பால் நம்முடையது, தலையணை யாருடையது?

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. பசித்தவன் பழங்கஞ்சியையும் அமிர்தமாகக் குடிப்பான். களைத்தவன் கட்டாந்தரையிலும் கண்ணயர்வான் என்பது அதன் பொருள். முன்னோர் அனுபவித்துச் சொன்ன வார்த்தை. அதில் குற்றம் காண நாம் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மெத்தையில் புரள்கிறவர் அதைத் தமக்குச் சொல்லிக்கொள்வதில்லை. லயத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சொல்கிறார். அடுக்குக் கட்டிலில் முடங்கும் கட்டடத் தொழிலாளியைப் பார்த்துச் சொல்கிறார். "உழைத்து அலுத்தவனுக்குத் தலையணை எதற்கு? கையை மடித்துத் தலைக்கு வைத்தால் போதாதா?" என்கிறார்.

நாம் திருப்பிக் கேட்கிறோம்: உழைத்து அலுக்காதவனுக்குத் தலையணை எதற்கு?

தோழர்களே! சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்க, தலையணைக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மனிதன் தன் ஆயுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கிறான். அறுபது வயது வாழ்ந்தவன் சுமார் இருபது வருஷம் ஏதோ ஒன்றின்மேல் தலையை வைத்துக் கிடந்திருக்கிறான். அந்த ஏதோ ஒன்று எதனால் ஆனது? அதற்குரிய பொருளை எடுத்துத் தந்தவர் யார்? அதை வாங்கக் கூடியவர் யார்? இந்த மூன்று கேள்விகளும் கூலிப் பிரச்னைக்கு வெளியே நிற்கும் கேள்விகள் அல்ல.

சிங்கப்பூர்க் கடைவீதியிலே

சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் நம்மில் பலர். ஜொகூரில் கோழி கூவுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து, அங்கே வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். அடுத்த முறை தேக்கா பக்கமோ சிராங்கூன் சாலைப் பக்கமோ போகும்போது, அல்லது நகரத்துப் பெரிய கடைகளுக்குள் நுழையும்போது, தலையணை விற்கும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். "குளிர்ச்சித் தலையணை" என்கிறது ஒரு பை. "ஜெல் தலையணை" என்கிறது இன்னொன்று. "மெமரி ஃபோம்" என்று ஒரு வரிசை. "இயற்கை லேடெக்ஸ்" என்று ஒரு வரிசை. வீட்டுக்குள்ளே நடக்கும் தலையணை மந்திரத்தை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இது கடைக்காரரின் தலையணை மந்திரம்!

குளிர்ச்சியை விலைக்கு விற்க ஏன் இத்தனை போட்டி? சிங்கப்பூர் இரவு அப்படிப்பட்டது. பகலில் 31 முதல் 33 டிகிரி வரை ஏறும் வெப்பம், இரவில் 23 அல்லது 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றின் ஈரப்பதமோ விடியலுக்கு முன் 90 சதவிகிதத்தையும் தாண்டிவிடும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டுச் சுவர்கள் இரவிலே அதைக் கக்குகின்றன. கட்டடங்கள் நெருங்கிய நகரப் பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த புறப்பகுதிக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள்.

உறக்கம் வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். முகம், தலை, கை, கால் வழியாக வெப்பம் வெளியேறினால்தான் அது இறங்கும். வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. வழிந்த வியர்வை காற்றில் ஆவியானால்தான் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது எப்படி? அதிலும் தலையின் ஒரு பக்கம் தலையணைக்குள் புதைந்து கிடக்கிறது. காற்றுப் புகாத பொருளாக அது இருந்துவிட்டால், இரவெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் போட்டு, தலையணையைப் புரட்டிப் புரட்டி வைத்து விடிய வேண்டியதுதான். ஆகவே குளிர்ந்த தலையணை என்பது சீமான்களின் சொகுசு அன்று. இந்த நாட்டுச் சீதோஷ்ணம் கேட்கும் தேவை.

திருப்பாவையிலே பஞ்ச சயனம் என்றொரு படுக்கை வருகிறது. மார்கழியில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு உரை சொன்ன பெரியோர், நல்ல படுக்கைக்கு அழகு, மென்மை, வெண்மை, நறுமணம் என்பவற்றோடு குளிர்ச்சியையும் ஒரு குணமாக எண்ணிச் சொன்னார்கள். இலவம்பஞ்சு முதலான ஐந்து பொருள்களால் ஆன படுக்கை என்றும் பொருள் சொன்னார்கள். எந்தப் பொருளில் படுத்தால் சுகம் என்ற விசாரணை தமிழனுக்குப் புதிதல்ல. அந்தச் சுகம் யாருக்கு என்ற கேள்விதான் பாக்கி.

நம் பால் நுரையான கதை

தேக்காவை அடுத்து டன்லப் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அப்துல் கஃபூர் பள்ளிவாசல் அந்தத் தெருவில்தான் நிற்கிறது. பெயரைப் பார்த்து டயர் கம்பெனியின் தெரு என்று எண்ணிவிட வேண்டாம். அது வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் தலைவர் சாமுவேல் டன்லப் என்பவரின் பெயரால் வழங்குவது. நாம் பேச வந்த டன்லப் வேறு. 1888-ம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்த ஜான் பாய்ட் டன்லப்பின் பெயரால் எழுந்த கம்பெனி அது. மலாயாவிலே ரப்பர் தோட்டங்களை வாங்கிக் குவித்த கம்பெனி.

அந்தக் கம்பெனியின் பர்மிங்காம் ஆலையில் 1929-ம் ஆண்டில் மர்பி என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். ரப்பர் பாலில் சோப்புக் கலந்து, முட்டையை அடிப்பதுபோல் அடித்து, நுரை பொங்கச் செய்தார்கள். நுரை அடங்குவதற்குள் அதை அச்சில் ஊற்றி, உறைய வைத்து, நீராவியில் வேகவைத்து எடுத்தார்கள். பஞ்சினும் மெத்தென்ற பொருள் கிடைத்தது. டன்லப்பில்லோ என்ற பெயரில் அது உலகெங்கும் மெத்தையாகவும் தலையணையாகவும் போயிற்று.

இந்தப் பால் எங்கிருந்து வந்தது? பிரேசில் நாட்டு மரத்தின் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877-ம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மொத்தம் 22 கன்றுகள். அங்கேயுள்ள பூந்தோட்டத்தில் 1888 முதல் 1911 வரை தலைவராக இருந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறைக்குக் கையும் உளியும் தந்தவர்கள் யார்? தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் வடித்த பால் நுரையாகப் பொங்கிச் சீமையிலே தலையணையானபோது, அவர்கள் தலைக்கு வைத்துப் படுத்தது என்ன? சுருட்டிய வேட்டி, மடித்த சாக்கு, மரக்கட்டை, கொஞ்சம் வசதி இருந்தால் இலவம்பஞ்சு.

இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்தது கிளி. காய் வெடித்தது, பஞ்சு பறந்தது, கிளி பட்டினி. அந்தக் கிளியாவது பழம் வேண்டிக் காத்தது. பஞ்சை அது கேட்கவில்லை. பால்மரம் காத்த தொழிலாளியோ பாலையும் எடுத்துக் கொடுத்தான், தலையணையையும் காணவில்லை!

கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு மரம் ஒரு வெட்டுக்குச் சுமார் 30 முதல் 50 கிராம் வரை காய்ந்த ரப்பர் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரை 500 மரம் என்றால் 15 முதல் 25 கிலோ வரை. ஒரு தலையணைக்கு ஒரு கிலோ ரப்பர் என்றாலும், ஒரு காலை வெட்டில் ஒரு தொழிலாளி பதினைந்து இருபது தலையணைக்குரிய பாலைக் கொண்டுவந்து சேர்க்கிறான். அந்த ஒரு கிலோவுக்கு நம் கைக்கு வருகிற காசையும், அதே ஒரு கிலோ தலையணையாக மாறிச் சிங்கப்பூர்க் கடையிலே தொங்கும்போது ஒட்டியிருக்கும் விலைச் சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலே ஆலைத் தொழிலாளி, லாரி ஓட்டி, கப்பல் தொழிலாளி, கடைச் சிப்பந்தி எல்லோருக்கும் பங்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எல்லோர் பங்கும் போன பிறகும் எஞ்சி நிற்கும் பெரும் பங்கு எங்கே போகிறது என்றுதான் கேட்கிறோம். சிங்கப்பூரில் இன்று தோட்டம் இல்லை. ஆனால் உலக ரப்பர் பேரம் அங்கேயுள்ள சந்தையில் இன்றும் நடக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது உண்மையில் குளிரும்?

விலைச் சீட்டைக் கண்டு மயங்காமலிருக்க, ஒவ்வொரு பொருளையும் நாம் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் இலவம்பஞ்சு. மலாய்க்காரர் கெகாபு என்பார்கள். இதன் இழை உள்ளே கூடானது; பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுபோன்ற பூச்சு உண்டு. அதனால் தண்ணீரை எளிதில் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தது அதனால்தான். புதிதாக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை லேசானது, காற்றோட்டம் உள்ளது. ஆனால் நாளாக ஆகக் கட்டி தட்டிப் போகும். கட்டி தட்டினால் சூடுதான். வெயிலில் போட்டு, தட்டி, பிரித்து, உதறி அடைக்க வேண்டும். தூசு எழும், இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. நெருப்பும் சீக்கிரம் பற்றும்.

அடுத்து பருத்திப் பஞ்சு. வியர்வையை உறிஞ்சும், தொட்டால் இதமாக இருக்கும். ஆனால் உறிஞ்சிய ஈரம் இந்த ஈரக் காற்றிலே எளிதில் காயாது. கனத்து, இறுகி, நாற்றம் எடுக்கும். பருத்தி உள்ளே இருப்பதைவிட உறையாக இருப்பது சிறப்பு.

மூன்றாவது பாலியெஸ்டர் நார். 1941-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை. மண்ணெண்ணெய் வகையறாவின் மூலப்பொருளில் பிறந்தது. மலிவு, துவைக்கலாம், சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை அது வாங்குவதே இல்லை என்று சொல்லலாம். கழுத்தோரம் பிசுபிசுப்பு தங்கும். சில மாதத்தில் அப்பளமாகிவிடும். தொழிலாளி தங்கும் இடங்களில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான்.

நான்காவது, மிகுந்த ஆடம்பரத்தோடு விற்கப்படும் மெமரி ஃபோம். 1966-ம் ஆண்டில் அமெரிக்காவில் நாசாவின் ஒப்பந்தத்தில், விமான இருக்கைக்காக சார்ல்ஸ் யோஸ்ட் என்பவர் செய்த பாலியுரேத்தேன் பஞ்சு. உடல் சூடு பட்டதும் இளகித் தலையின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். கழுத்து வலிக்காரர் சிலருக்குச் சுகம் தரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சூடு பட்டால்தான் இளகும், இளகினால் தலையை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்ளும், அணைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி ஏது? குளிர் நாட்டுக்காரனுக்கு அது வரம். சிங்கப்பூர்க்காரனுக்குக் குளிர்சாதனம் இல்லாவிட்டால் அது அடுப்பு.

இதை மறைக்கத்தான் ஜெல் வந்தது. ஜெல்லைத் தொட்டால் சில்லென்று இருக்கும், பொய்யில்லை. தரையில் பதித்த ஓட்டைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். நம் கைச்சூட்டை அது இழுத்துக்கொள்வதால் வரும் உணர்ச்சி அது. தலையை வைத்துச் சற்று நேரம் போனால் ஜெல்லும் தலையின் சூட்டுக்கே வந்துவிடும். அப்புறம் இழுக்க என்ன இருக்கிறது? உருகி உருகிச் சூட்டை வாங்கும் மெழுகுப் பொருளைச் சேர்த்த தலையணைகளும் உண்டு. மெழுகு முழுவதும் உருகும் வரைதான் அதற்கும் ஆயுள். கடையில் அரை நிமிஷம் கை வைத்துப் பார்த்து வாங்குகிறவன், எட்டு மணி நேரம் தலை வைத்துப் படுக்கப் போகிறான் என்பதை மறந்துவிடுகிறான். கடைக்காரர் மறப்பதில்லை!

ஐந்தாவது நம்முடைய லேடெக்ஸ். நுரையின் சிறு கண்கள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் தலையை அழுத்தும்போதெல்லாம் காற்று வெளியேறும். எடுக்கும்போது உள்ளே வரும். தலையணையில் வரிசை வரிசையாகத் தெரியும் துளைகள் அச்சிலுள்ள ஊசிகளால் உண்டானவை. வேகவைக்கும் சூடு நடுவரை போய்ச் சேர வைத்த ஊசிகள் அவை. அவற்றால் காற்றோட்டமும் கிடைத்தது. குழி விழாது, பல வருஷம் உழைக்கும். ஆனால் லேடெக்ஸ் என்று எழுதியதெல்லாம் மரத்துப் பால் ஆகிவிடாது. ரசாயன ஆலையில் செய்த செயற்கை ரப்பர் பாலைக் கலந்து விற்பதும் உண்டு. எத்தனை சதவிகிதம் இயற்கைப் பால் என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. இதை வெயிலில் போடவே கூடாது. வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆறாவது, உமி வகை. ஜப்பானியர் ஒரு தானியத்தின் உமியை அடைத்துப் படுக்கிறார்கள். உமிக்கு உமி இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாக ஓடும். கடினமாக இருக்கும்; சரசரக்கும்; ஈரம் பட்டால் பூச்சி விழும். சீனர்கள் பிரம்பிலும் மூங்கிலிலும் தலையணை பின்னிப் படுத்ததும், பழைய சிங்கப்பூரில் வடநாட்டுக் காவற்காரர்கள் கயிற்றுக் கட்டிலைக் கடை வாசலில் போட்டுப் படுத்ததும் இதே தத்துவம்தான். கீழேயும் காற்று ஓட வேண்டும் என்பது அவர்கள் அறிந்த சாஸ்திரம்.

ஆக, முடிவு என்ன? எந்தத் தலையணையும் குளிரை உண்டாக்குவதில்லை. காற்றை விடுவது நல்லது. காற்றை அடைப்பது கெட்டது. இவ்வளவுதான் ரகசியம். நல்ல துளை லேடெக்ஸ், பிரித்து அடைத்த இலவம்பஞ்சு, உமி ஆகியவை இந்தச் சீதோஷ்ணத்துக்கு முன்வரிசை. இறுக்கமான ஃபோமும் அப்பளமான பாலியெஸ்டரும் பின்வரிசை. எதுவானாலும் பருத்தி உறை போடுங்கள். வாரம் ஒரு முறை துவையுங்கள். வாங்கிய பிளாஸ்டிக் பையோடு படுக்காதீர்கள். பஞ்சுத் தலையணையை வெயிலிலும், லேடெக்ஸை நிழற்காற்றிலும் போடுங்கள். மெத்தை சுட்டால் மேலே ஒரு கோரைப்பாய் விரியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தலையணையும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு.

மரத்துக்கு ஒரு நியாயம். மனிதனுக்கு ஒரு நியாயமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

பால்மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறோம்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள்ளே நீர்ச்சத்தின் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் தாராளமாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். மரத்தின் சுபாவத்தை அறிந்து, அதற்கு இதமான நேரத்தை முதலாளி அதற்குக் கொடுத்தார். மரத்தோடு அவர் வாதாடவில்லை. "உழைக்கிற மரத்துக்குக் குளிர்ச்சி எதற்கு?" என்று கேட்கவில்லை!

ஆனால் அந்தக் குளிர்ந்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது? இரவிலே மனிதன் நன்றாக உறங்கக் கூடிய நேரமும் அதுதான். முன்னிரவில் சுவர் சூடு கக்குகிறது, புழுக்கம். நள்ளிரவுக்குப் பின்தான் காற்று சற்றுத் தணிகிறது. தணிந்து, கண் அயரும் நேரத்தில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். புழுங்கும் நேரம் தொழிலாளியின் உறக்கத்துக்கு. குளிரும் நேரம் முதலாளியின் பாலுக்கு! ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பிள்ளைகளுக்கும் இதே கதி. தோட்டம் மாறியது, உளி மாறியது, விடியற்கால உறக்கம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

வெட்டு நேரத்தை மாற்ற முடியாது என்பது நமக்கும் தெரியும். அப்படியானால் முன்னிரவு உறக்கத்தையாவது உறக்கமாக்கிக் கொடுக்க வேண்டுமல்லவா? காற்றோட்டமான அறை, சுழலும் விசிறி, சூடு தாங்கும் கூரை, மூச்சு விடும் தலையணை — இவற்றைக் கேட்பது பேராசையா?

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, வெப்ப நாடுகளின் முன்னேற்றத்துக்குக் குளிர்சாதனம் எவ்வளவு முக்கியம் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். தாம் பிரதமரானதும் முதலில் செய்த காரியம் அரசாங்க ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களில் குளிர்சாதனம் வைத்ததுதான் என்றார். நாம் அதை ஒப்புக்கொள்கிறோம். கிராணித் தோழர்களும் ஒப்புக்கொள்வார்கள். புழுங்கிய மூளை கணக்கைத் தப்பாகப் போடும். ஆனால் அந்த நியாயத்தைப் பாதியிலே நிறுத்துவது ஏன்? பகலில் பேனா பிடிக்கும் கைக்குக் குளிர்ச்சி அவசியம் என்றால், விடியலில் உளி பிடிக்கும் கைக்கு முந்திய இரவின் குளிர்ச்சி அவசியமில்லையா? உறக்கம் கெட்டவன் பட்டையை ஆழமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்துவான். உயரச் சாரத்தில் ஏறியவன் கால் தவறுவான். நஷ்டம் யாருக்கு?

சட்டத்திலே ஒரு தலையணை

"தலையணையைச் சட்டத்தில் எழுதவா முடியும்?" என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மலேசியாவில் தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 2020-ம் ஆண்டு விதிகளிலே அது எழுதியாகிவிட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத ஒற்றைக் கட்டில், 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை என்று அந்த விதி சொல்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பாருங்கள், மெத்தைக்கு அங்குலம் சொன்ன விதி, தலையணைக்கு வந்ததும் பெயரைச் சொல்லி நின்றுவிட்டது. என்ன பொருள், எத்தனை காலத்துக்கு ஒரு முறை மாற்றுவது, உறை எத்தனை? வைக்கோலை அடைத்தாலும் தலையணை; அப்பளமானாலும் தலையணை!

சிங்கப்பூரிலே 2020-ம் ஆண்டில் கொரோனா கொள்ளைநோய் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் புகுந்தது. அந்த ஆண்டு அங்கே நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள். நெருக்கிப் படுத்தவர்களின் படுக்கையை உலகம் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. 2021-ம் ஆண்டில் புதிய விடுதிகளுக்கு விதி வந்தது: ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி. பழைய விடுதிகளும் 2040-க்குள் இந்த அளவுக்கு வர வேண்டும் என்று தவணை கொடுத்திருக்கிறார்கள். 4.2 சதுர மீட்டர் என்பது சுமார் 45 சதுர அடி. அதற்கும் 2040 வரை காத்திரு என்றால், இன்றைக்கு இருபத்தைந்து வயதில் தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து அங்கே செங்கல் சுமக்கிறவன் நாற்பதை எட்டுவான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா திடலிலே, நிழலும் காற்றும் கண்ட இடத்தில் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக் கண்ணயரும் அந்தத் தோழர்களைப் பார்த்துச் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆறு நாள் கடனாக நின்ற உறக்கத்தை அவர்கள் ஏழாம் நாள் வசூலிக்கிறார்கள் என்பது அந்த மூக்குகளுக்குத் தெரிவதில்லை.

"நல்லதைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவார்கள்" என்றொரு சாக்கும் உண்டு. பல்லாயிரம் மரங்களைப் பட்டை காயாமல் காத்துக் கொடுத்தவனுக்கு ஒரு தலையணையைக் காக்கத் தெரியாதா?

நாம் கேட்பது இவைதான். தங்குமிடச் சோதனைக்கு வரும் அதிகாரி கட்டிலை எண்ணுவதோடு நில்லாமல், தலையணையையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு காற்றோட்டமான தலையணை, இரண்டு பருத்தி உறை, பழுதானால் மாற்று என்பது விதியாக வேண்டும். அறைக்கு ஜன்னலும் விசிறியும் பெயருக்கு இல்லாமல் காற்றுக்கு இருக்க வேண்டும். லேடெக்ஸ் என்று விற்கும் ஒவ்வொரு தலையணையிலும் மரத்துப் பால் எத்தனை சதவிகிதம் என்று அச்சிட வேண்டும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக்கொண்டே போகும் இந்நாளில், எஞ்சிய பால்மரத்துக்கு மதிப்புக் கூட அதுவும் ஒரு வழி.

கிராணித் தோழர்களே! வருகிற சங்கக் கூட்டத்துக்கு முன் உங்கள் பிரிவில் வீடு வீடாகப் போய், எத்தனை பேர் தலைக்கு எதை வைத்துப் படுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பால் வெட்டும் தோழர்களே! கேட்கிறவரிடம் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அந்தத் தாளைத்தான் நாம் மேஜைமேல் வைத்துப் பேசப் போகிறோம். சுருட்டிய வேட்டி என்றால் சுருட்டிய வேட்டி என்றே எழுதுங்கள். அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்லர்.